சுரம் ஏன் ஏழோடு நிற்கிறது? திண்ணையில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

பெருந்துறைப் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் சனி, ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாட்டும் கீபோர்டும் படிக்க வருகிறார்கள். போன வருஷம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சரளி வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏனுங்க டீச்சர், இந்த ஏழை வச்சுத்தான் பாடணுமா, எட்டாவதா ஒண்ணு ஏன் இல்லீங்க?" என்று கேட்டான். "அது அப்படித்தான் கண்ணு, நீ பாடு" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அது பதிலா? அதற்கப்புறம் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் இது. அப்பா அம்மாக்களும் படிக்கலாம், ஆனால் எழுதியது பிள்ளைகளுக்கு.

சத்தத்துக்கும் சுரத்துக்கும் என்னங்க வித்தியாசம்?

சோமனூர் பக்கம் போனால் விசைத்தறி ஓடும் சத்தம் கேட்கும். கடக், கடக், கடக். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். இப்போது ஒரு கற்பனை: அந்தத் தறி கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்து, வினாடிக்கு இருபது அடியைத் தாண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள். அப்போது கடக் கடக் மறைந்துவிடும், எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உறுமலாகக் கேட்கும். இன்னும் வேகமானால் உறுமல் மேலே ஏறும். அவ்வளவுதான் சுரம். ஒரே சீராக, மிக வேகமாக நடக்கும் அடி. வினாடிக்கு 240 அடி என்றால் 240 ஹெர்ட்ஸ் என்பார்கள். மனிதக் காதுக்குச் சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் வேகமாகத்தான் அடி விழுகிறது, ஆனால் அதில் சீர் இல்லை. அதனால் அது வெறும் சத்தம்.

ஏழா, பன்னிரண்டா, பதினாறா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்!

மூன்றும் சரிதான். பெயர் ஏழு: ச, ரி, க, ம, ப, த, நி. இடம் பன்னிரண்டு: கீபோர்டில் ஒரு ச-வுக்கும் அடுத்த ச-வுக்கும் நடுவில் ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்புமாக எண்ணிப் பார். கர்நாடக இசையில் ரி, க, த, நி நான்குக்கும் மும்மூன்று வகை, ம-வுக்கு இரண்டு, ச-வுக்கும் ப-வுக்கும் ஒவ்வொன்று என்று 16 பெயர் வரும். அதில் நான்கு இடத்துக்கு இரட்டைப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர் என்று உனக்கு இல்லையா, அந்த மாதிரி.

மேல் ச, கீழ் ச இரண்டையும் ஏன் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? ஒன்று கீச்சென்று இருக்கிறது, ஒன்று தடித்து இருக்கிறது.

ஆடி நோம்பிக்கு வேப்பமரத்தில் தூரி கட்டுவோமே, அதை நினைத்துக்கொள். பெரிய தூரி ஒன்று, சின்னத் தூரி ஒன்று. பெரியது ஒருமுறை போய்வருவதற்குள் சின்னது சரியாக இரண்டுமுறை போய்வருகிறது. (அதற்குச் சின்னதின் கயிறு பாதி நீளம் இருந்தால் போதாது, கால்வாசியாக இருக்க வேண்டும். அது வேறு கணக்கு, இப்போது வேண்டாம்.) இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டால், பெரியது திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சின்னதும் அங்கே வந்து நிற்கும். மோதலே இல்லை. கீழ் ச 240 என்றால் மேல் ச 480, சரியாக இரண்டு மடங்கு. பெருக்கல் வாய்ப்பாட்டில் இதைவிட லேசான உறவு கிடையாது, அதனால் காது இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் நீயும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது மூன்று பேரும் வேறு வேறு உயரத்தில்தான் பாடுகிறீர்கள், ஆனாலும் ஒரே பாட்டுத்தானே கேட்கிறது?

இந்த இரண்டு ச-வுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ஸ்தாயி என்று பேர். நம் கேள்வி முழுக்க இந்த ஒரு ஸ்தாயிக்குள்தான்.

அப்ப நடுவில் எங்கே வேண்டுமானாலும் சுரம் வைக்கலாமே? 240, 241, 242, 243…

வைக்கலாம். யாரும் தடுக்கவில்லை. பழகிய காதால் ஒரு ஸ்தாயிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உயரங்களைப் பிரித்துச் சொல்லவும் முடியும். ஆனால் இரண்டை ஒன்றாக ஒலிக்கவிட்டால்தான் சங்கதி தெரியும்.

எங்கள் தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மோட்டார். கரண்டு வந்ததும் இரண்டும் ஓடும். ஒன்று நிமிடத்துக்கு 2,880 சுற்று, இன்னொன்று 2,900 சுற்று என்று வை. வித்தியாசம் 20 சுற்று, அதாவது மூன்று வினாடிக்கு ஒரு சுற்று. வரப்பில் நின்று கேட்டால் சத்தம் ஒரே சீராக இருக்காது. வ்வூம்… வ்வூம்… என்று மூன்று வினாடிக்கு ஒருதரம் ஏறி இறங்கும். இதைப் பாடப்புத்தகத்தில் விம்மல் என்று எழுதியிருப்பார்கள், நல்ல பேர். 240-ஐயும் 243-ஐயும் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு மூன்று விம்மல். 240-ஓடு 256 என்றால் வினாடிக்கு 16; அது ஏறி இறங்குவதாகக்கூடக் கேட்காது, கரகரவென்று பல்லைக் கூசும்.

இப்போது 240-ஓடு 360-ஐச் சேர். ஒன்றரை மடங்கு. கரகரப்பே இல்லை. ஏன்? வீணைத் தந்தியைத் தட்டினால் 240 மட்டும் வருவதில்லை, அதன் மடங்குகளான 480, 720, 960 எல்லாம் மெல்லிசாகக் கூடவே வரும். அவற்றுக்கு மேற்சுரம் என்று பேர். 360-க்கும் அதே மாதிரி 720, 1080 என்று வரும். பார், 720 இரண்டிலும் இருக்கிறது! இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு சொந்தக்காரர் இருக்கிற மாதிரி. அந்த 360-தான் ப. 240-க்கு 320 ம, அது 4-க்கு 3 என்ற கணக்கு. 300 வைத்தால் க, 5-க்கு 4. இப்படிச் சின்ன எண்களில் உறவு சொல்ல முடிகிற இடங்களில் காது உட்கார்ந்துகொள்கிறது. சுரத்துக்கு ஒன்றும் பஞ்சம் இல்லை கண்ணு, ச-வோடு சொந்தம் கொண்டாட முடிகிற இடங்கள்தான் கொஞ்சம்.

சரிங்க டீச்சர், அதற்கு ஏன் சரியாகப் பன்னிரண்டு? பத்து இருக்கக் கூடாதா?

இந்தக் கேள்விக்குப் பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார். ஆறாவது படிக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம், சின்னவர்கள் அக்காவிடம் கேளுங்கள்.

ச-விலிருந்து ப-வுக்கு ஒரு தாவல், ஒன்றரை மடங்கு: 240, 360. இப்போது அந்த ப-வையே ச மாதிரி வைத்து அதிலிருந்து இன்னொரு தாவல்: 540. இது 480-ஐத் தாண்டிவிட்டது. பாதியாக்கிக் கீழே இறக்கினால் 270. அதுதான் ரி. அங்கிருந்து ஒரு தாவல், 405: த. இன்னொரு தாவல், 607.5, பாதியாக்கினால் ஏறத்தாழ 304: க. (மேலே க 300 என்றேனே, இங்கே 304 வருகிறதே என்று பிடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய். சண்டை போடுகிற அளவுக்கு உண்மையான வித்தியாசம்தான் அது, பின்னால் வருகிறேன்.)

இப்போது கையில் ச, ரி, க, ப, த. ஐந்து சுரம். வரிசையாகப் பாடிப் பார். மோகனம்! கும்மிப் பாட்டிலும் தாலாட்டிலும் நம் காதுக்கு ரொம்பப் பழகின ராகம், யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமல் நாலே தாவலில் வந்து நிற்கிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் வரிசையில் இரண்டு இடத்தில் பெரிய சந்து இருக்கிறது. க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் ஒன்று, த-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில் ஒன்று. இன்னும் இரண்டு தாவல் தாவினால் ஒன்று நி-யில் விழும், அடுத்தது ம-வில் விழும் (முன்னால் சொன்ன 320 இல்லை, இரண்டு ம-வில் மேலே இருக்கிற ம). இரண்டு சந்தும் அடைபட்டாச்சு. ஏழு சுரம், கல்யாணி ராகம். இதிலும் ஐந்து இடைவெளி அகலம், இரண்டு ஒடுக்கம். இன்னும் ஐந்து தாவல் போட்டால் அந்த ஐந்து அகல இடைவெளிக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் போய் விழும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. கீபோர்டில் ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு என்று எண்ணினாயே, அந்த ஏழும் ஐந்தும் இதுதான்.

பன்னிரண்டாவது தாவல் எங்கே கொண்டுபோய் விடுகிறது தெரியுமா? கிளம்பின ச-வுக்கே. கிட்டத்தட்ட! 240-க்கு வர வேண்டியது 243.3-க்கு வருகிறது. தோட்டத்தைச் சுற்றி வேலி போட ஒரே அளவுக் கயிறால் அளந்துகொண்டே வந்து, கடைசிக் கல் முதல் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தால் எப்படி, அப்படி. ஐந்து தாவலில் நிறுத்தினால் 228-க்கு அருகில் நிற்போம், ஏழில் 256. இரண்டுமே ரொம்பத் தள்ளி. பத்தில் நிறுத்தினால் ச பக்கமே வரமாட்டோம், அதனால்தான் பத்து இல்லை. பன்னிரண்டைவிட நன்றாகக் கிட்டே வர வேண்டுமென்றால் 41 தாவல் போக வேண்டும்; 53-ல் 240.5 வரும். 53 கட்டை உள்ள கீபோர்டை நீ வாசிக்கிறாயா?

அந்த ஒரு சாண் வித்தியாசத்தை என்ன செய்தார்கள்?

வேலிக்காரர் என்ன செய்வாரோ அதையேதான். ஒவ்வொரு கல்லையும் துளித்துளி நகர்த்திக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். கீபோர்டிலும் ஆர்மோனியத்திலும் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் ஒரே பெருக்கு, ஏறத்தாழ 1.0595. அதைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் சரியாக 2. இந்தக் கணக்கை 1584-ல் சீனாவில் ஜூ ஸைய்யூ என்ற இளவரசர் போட்டுக் காட்டினார். அரண்மனையில் உட்கார்ந்து பன்னிரண்டாம் மூலம் கண்டுபிடித்த இளவரசர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ப கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. க கொஞ்சம் தூக்கலாகிவிடும்: 300 இருக்க வேண்டியது 302.4. அந்தக் கடலை மிட்டாய்ச் சண்டையில் 300-ம் ஜெயிக்கவில்லை, 304-ம் ஜெயிக்கவில்லை, நடுவில் ஒன்று. ஆர்மோனியம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் முடியாது. இதையெல்லாம் காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை வைத்திருந்தது. ஒரு பெட்டிக்கு முப்பது வருஷத் தடை! கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கட்சி.

இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள்?

கிரேக்கத்தில் பித்தகோரஸ் பேரைச் சொல்வார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால். நம் பக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. ச ரி க ம என்று இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு தமிழ்ப் பேர். ஆய்ச்சியர் குரவை என்ற பகுதியில் மாதரி என்ற ஆயர்குலப் பெண் ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு சுரத்தின் பேர் வைக்கிறாள். குரல் கண்ணன், இளி அவன் அண்ணன் பலராமன், துத்தம் நப்பின்னை. குரலை ச என்று எடுத்தால் இளி ப. அண்ணன் தம்பிகளை அந்த இரண்டு இடத்தில் நிறுத்தியதைக் கவனி, மேலே 720 சொந்தக்காரர் கதை சொன்னேனே! நம் ஊரில் வள்ளி கும்மிக்கு வட்டம் கட்டி நிற்கிறவர்களில் ஏழு பேருக்கு இந்தப் பேரை வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள், சுரம் மறக்கவே மறக்காது. நான் செய்து பார்த்திருக்கிறேன். விளரியாக நின்ற பொண்ணு மட்டும் "எனக்கு ஏன் இந்தப் பேரு" என்று அழுதது.

அந்தக் காப்பியத்துக்கு உரை எழுதின அடியார்க்கு நல்லார் நம் கொங்கு நாட்டு நிரம்பை ஊர்க்காரர். பன்னிரண்டு ராசி வீடுகளை வட்டமாகப் போட்டு, அதில் ஏழு சுரத்தையும் எந்தெந்த வீட்டில் வைப்பது என்று எழுதியிருக்கிறார். ஜாதகக் கட்டம் பார்த்திருப்பாயே, அந்தப் பன்னிரண்டு வீடேதான். கீபோர்டு நம் ஊருக்கு வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே பன்னிரண்டு இடத்துக் கணக்கு இங்கே இருந்தது.

கோயில் நோம்பிக்குக் கொம்பும் தாரையும் ஊதுகிறார்களே, அதில் ஓட்டையே இல்லை. எப்படிச் சுரம் மாறுகிறது?

உதட்டை இறுக்கி ஊதினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். ஆனால் நினைத்த சுரமெல்லாம் வராது, அந்தக் குழல் தருவதுதான் வரும்: ச, ப, மேல் ச, அதற்கு மேலே க என்கிற மாதிரி. அதே மேற்சுரப் படிக்கட்டுதான். சுரம் மனுஷன் இஷ்டத்துக்கு மட்டும் வைத்தது இல்லை, கொஞ்சம் பித்தளைக் குழலுக்குள்ளேயே இருக்கிறது என்று யாராவது நம்பாவிட்டால் அவர்களைக் கொம்பு ஊதச் சொல்லு. நாதஸ்வரம் வேறு. அதில் விரல் வைக்க ஏழு துளை, ஆனால் பாதி மூடியும் மூச்சை மாற்றியும் பன்னிரண்டு இடத்தையும், நடுவில் இருக்கிற வளைவு நெளிவையும் எடுத்துவிடுவார்கள்.

உடுக்கைக்கு என்ன சுரம்?

நிலையான சுரம் கிடையாது. அண்ணன்மார் கதை பாடும்போது உடுக்கையின் நடுக் கயிற்றை அழுத்தி அழுத்தி விடுகிறார்கள் அல்லவா, அதில் தோல் இறுகித் தளர்ந்து சத்தம் வளைந்து வளைந்து போகும். அழுகிற மாதிரிகூடக் கேட்கும்.

தாளத்திலும் கொஞ்சம் எழுத்தை வைத்து நிறையச் செய்வது பழைய வழக்கம். ஈரோட்டுப் பக்கம் அரச்சலூர் மலையில் தமிழிப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. த, தா, தை, தே என்று ஆட்டத்துக்குச் சொல்லும் எழுத்துகள் மட்டும், வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே வரும். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. சுரக் கல்வெட்டு இல்லை, தாளச் சொல் கல்வெட்டு. ஆனால் அரை மணி நேரத்தில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் இருக்கலாமா?

பன்னிரண்டுக்கு நடுவில் இருக்கிற சுரங்கள் வீணாகப் போகிறதா?

இல்லை. நம் பாட்டில் பாதி அழகு அங்கேதான் இருக்கிறது. தோடி ராகத்தில் க ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது, கீழும் மேலும் ஆடிக்கொண்டே இருக்கும். அதைக் கமகம் என்கிறோம். கீபோர்டில் அந்தக் க-வை அமுக்கினால் தோடி வராது, அதன் வீட்டு வாசல்தான் வரும். பன்னிரண்டும் ஊர் என்றால் கமகம் அவற்றுக்கு நடுவில் போகிற இட்டேரி.

மயில் ச-வில் கூவும், காளை ரி-யில் கத்தும் என்கிறார்களே?

பழைய நூல்களில் அப்படி ஒரு பட்டியல் உண்டு: மயில், காளை, ஆடு, கிரௌஞ்சப் பறவை, குயில், குதிரை, யானை. எங்கள் சித்தப்பா வீட்டில் காங்கேயம் காளை இருந்தது, சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ரி பாடவில்லை. முட்ட வந்தது.

இவ்வளவு பேர் பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் மெட்டு தீர்ந்து போகாதா?

எட்டே எட்டுச் சுரம் நீளத்துக்கு ஒரு மெட்டு, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் 42,99,81,696 மெட்டு வரும். நாற்பத்திரண்டு கோடியைத் தாண்டி. இதில் தாளமும் நீளமும் சேரவில்லை. முக்கால்வாசி கேட்கச் சகிக்காது, அது வேறு விஷயம். பவானி ஜமக்காளத்தில் எத்தனை நிறம் இருக்கிறது? ஐந்தாறு. அதை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பட்டை போட்டு நெய்துகொண்டே இருக்கிறார்கள். தமிழில் உயிரெழுத்தும் பன்னிரண்டுதான். அதற்கும் சுரத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு ஞாபகம் வைக்க நல்லது.

எல்லா நாட்டிலும் பன்னிரண்டுதானா?

இல்லை. ஜாவாத் தீவின் கேமலான் இசையில் ஐந்து சுரத்தை ஏறத்தாழச் சம தூரத்தில் வைக்கும் முறை ஒன்று உண்டு, நம் மோகனம் மாதிரியே இருக்காது. அரபு நாட்டுப் பாட்டில் நம் இரண்டு கட்டைக்கு நடுவில் விழுகிற சுரம் வரும். ச-வும் மேல் ச-வும் பெரும்பாலும் எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். நடுவில் எதை எடுப்பது என்பதில் அவரவர் காதும் வாத்தியமும் பழக்கமும் பேசும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தோட்டத்தில் மிஞ்சின ஒரே பருமன் பிவிசி குழாயை 60, 40, 30 சென்டிமீட்டராக அப்பாவை அறுத்துத் தரச் சொல். ரப்பர் செருப்பால் குழாயின் வாயில் தட்டு. 60 ச என்றால் 40 கிட்டத்தட்ட ப, 30 மேல் ச. 53 சென்டிமீட்டரில் ஒன்று அறுத்து 60-ஓடு சேர்த்துத் தட்டிப் பார், ஏன் ஒட்டவில்லை என்று தெரியும். கீபோர்டு இருந்தால் இன்னும் சுலபம்: மூன்று கறுப்பு சேர்ந்து இருக்கிற இடத்தில் முதல் கறுப்பை, அதாவது நாலரைக் கட்டையை, ச என்று வைத்துக் கறுப்பு மட்டும் வாசி. தப்பே வராது. ஐந்தும் மோகனம்.

டீச்சர், எங்க வீட்டுக்கு முன்னாடி டிரான்ஸ்பார்மர் உம்முனு கத்துதே, அது என்ன சுரம்?

இதைக் கேட்டது ஒண்ணாவது படிக்கிற பொண்ணு, இந்த நோட்டிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. நம் கரண்டு வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்பு இரண்டுமுறை விரிந்து சுருங்கும், அதனால் வருவது 100 ஹெர்ட்ஸ். அதோடு 200, 300 என்று மடங்குகளும் மெல்லிசாக வரும். 100-ஐ ச என்று வைத்தால் 200 மேல் ச. 300 அதற்கும் மேலே இருக்கிற ப. ஆக அது ச-வும் ப-வும் பிடித்துக்கொண்டு நிற்கிற சுருதிப் பெட்டி. ரோட்டுக்கு இந்தப் பக்கமே தள்ளி நின்று, பொழுதோட வண்டி சத்தம் அடங்கினதும், அதோடு சேர்ந்து ச பாடிப் பார் சாமி. கம்பிவேலிக்குக் கிட்டே மட்டும் போகாதே.